ஆயிரத்தெட்டு வேலை என்றால் எத்தனை வேலை?

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் 'ஏகப்பட்ட' என்ற சொல்லைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். ஏகம் என்றால் ஒன்று, அது எப்படி 'நிறைய' ஆனது என்று யோசித்துப் பாருங்கள் என்று விட்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஏகப்பட்ட கடிதங்கள். எல்லாமே, பெரிய எண் மாதிரி தோன்றும் ஆனால் எண்ணே இல்லாத சொற்களைப் பற்றித்தான். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

*என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் 'ஸில்லியன்' என்று ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, அது பில்லியனுக்கு மேலேயா கீழேயா என்று நச்சரிக்கிறாள். என்ன சொல்வது? தமிழில் இதற்குச் சொல் உண்டா? – ஒரு வாசகி, மஞ்சக்குப்பம்*

மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை, அது எண்ணே இல்லை என்று சொல்லிவிடுங்கள். மில்லியன் என்றால் பத்து லட்சம், பில்லியன் நூறு கோடி, டிரில்லியன் லட்சம் கோடி. இவற்றுக்கு எத்தனை சைபர் போட வேண்டும் என்று அடித்துச் சொல்லலாம். ஸில்லியன், ஜில்லியன், கஸில்லியன் எல்லாம் அந்த 'இல்லியன்' என்ற வாலை மட்டும் வைத்துக்கொண்டு வாய்க்கு வந்த ஓசையை முன்னால் ஒட்டிக்கொண்டவை. சைபர் கிடையாது, கணக்கு கிடையாது, 'சொல்லி மாளாத அளவு' என்ற பொருள் மட்டும்தான். 'அம்ப்டீன்' என்றும் ஒன்று உண்டு. தந்தி அடித்த காலத்தில் மோர்ஸ் குறியீட்டின் கோட்டை 'அம்ப்டி' என்று பேச்சுவாக்கில் சொல்வார்கள், அது 'இத்தனையாவது' என்று குறிப்பிடாத எண்ணாக மாறி, அதோடு பதின்மூன்று, பதினான்குக்கு ஆங்கிலத்தில் வரும் 'டீன்' சேர்ந்துகொண்டது.

இதற்கு நேர் எதிரான ஒன்றையும் மகளிடம் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும். 'கூகால்' என்று ஒரு எண். கேட்டால் விளையாட்டுப் பெயர் போல இருக்கும், ஆனால் அது அசல் எண்தான்: ஒன்று போட்டு நூறு சைபர். எட்வர்ட் காஸ்னர் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் இந்த எண்ணுக்குப் பெயர் வைக்கச் சொன்னது தன் அக்காவோ தங்கையோ பெற்ற சிறு பையனிடம், அந்தப் பையன் வைத்த பெயர்தான் இது. 1940இல் வந்த ஒரு கணிதப் புத்தகம் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. கூகுள் நிறுவனம் தன் பெயரை இந்தச் சொல்லிலிருந்துதான் எடுத்தது. நம் கண்ணுக்கு எட்டுகிற அண்டம் மொத்தத்திலும் உள்ள அணுக்களே ஒன்று போட்டு எண்பது சைபர் அளவில்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள், கூகால் அதையும் தாண்டி நிற்கிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். ஆங்கிலக்காரர்கள் எண் மாதிரி ஒலிக்கும் புதுச்சொல்லை உருவாக்கினார்கள். நாம் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. இருக்கிற எண்ணையே எடுத்து, அதிலிருந்து கணக்கைக் கழற்றிவிட்டுப் பயன்படுத்துகிறோம். 'எனக்கு ஆயிரத்தெட்டு வேலை கிடக்கு' என்று வீட்டில் சொன்னால் யாரும் ஆயிரத்தேழா, ஆயிரத்தொன்பதா என்று கேட்பதில்லை. 'ஆயிரம்தான் இருந்தாலும் அவர் உன் அப்பா' என்பதில் அந்த ஆயிரத்துக்கு எண்ணின் வாசனை கூட இல்லை.

ஆனால் எல்லா எண்ணும் எல்லா இடத்திலும் செல்லாது, அதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதிலேயே நம் மனசு தெரிந்துவிடும். ஆயிரத்தெட்டும் நூற்றெட்டும் அர்ச்சனையிலிருந்தும் கோவிலில் உடைக்கும் தேங்காயிலிருந்தும் வந்தவை, அங்கே அவை பக்தியான எண்கள். வீட்டுக்குள் வந்தால் எரிச்சலைச் சொல்கின்றன: 'ஒரு கையெழுத்துக்கு நூத்தியெட்டு கேள்வி கேக்குறான்.' கோடி அப்படி இல்லை, அது நன்றிக்கும் மதிப்புக்கும் உரியது: 'உனக்குக் கோடி புண்ணியம்', 'கோடி ரூபா கொடுத்தாலும் வராது.' 'உனக்கு ஆயிரத்தெட்டு புண்ணியம்' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கூட்டத்துக்கு ஆயிரமும் லட்சமும். ஊர் வாய்க்கு வெறும் நாலு. 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்பதில் வரும் நாலு பேர்தான் தமிழ்நாட்டிலேயே பெரிய கூட்டம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எத்தனை கல்யாணத்தை நடத்தியிருக்கிறது, எத்தனை கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறது அந்த நாலு.

எண்ணையே தொடாத சொற்கள் தனி. எக்கச்சக்கம், ஏராளம், கொள்ளை, சகட்டுமேனிக்கு, மானாவாரியாக. கடைசிச் சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். மானாவாரி என்றால் ஆறு, குளம், கிணறு எதுவும் இல்லாமல் மழையை மட்டும் நம்பி விதைக்கிற நிலம். மழை யாரைக் கேட்டுப் பெய்கிறது? அளவில்லாமல், ஆள் பார்க்காமல் திட்டுவதை 'மானாவாரியா திட்டினான்' என்று சொல்கிறோம். இவ்வளவு நல்ல சொற்களை வைத்துக்கொண்டு, 'ஸில்லியன்' என்பதற்குத் தமிழில் என்ன என்று மகளிடம் யாராவது கேட்டால், எந்த இடத்தில், யார் யாரிடம் சொல்கிறார் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் அதைப் பொறுத்து மாறும்.

*எங்கள் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பேச்சில் அடிக்கடி 'முப்பத்தாறு' என்பார். முப்பத்தாறு தடவை சொன்னேன், முப்பத்தாறு வழி இல்லை, இப்படி. வீட்டில் அதை அவருடைய பழக்கம் என்று நினைத்தோம். இதில் ஏதாவது இருக்கிறதா? – ஒரு வாசகர், புதுச்சேரி*

இருக்கிறது, அது உங்கள் தாத்தாவின் பழக்கம் மட்டும் இல்லை, பிரெஞ்சு மொழியின் பழக்கம். 'த்ராந்த் சீஸ்', அதாவது முப்பத்தாறு, அங்கே நம் ஆயிரத்தெட்டு மாதிரி. 'இதற்கு முப்பத்தாறு தீர்வு கிடையாது' என்பார்கள், வழி ஒன்றோ இரண்டோதான், சட்டென்று முடிவெடு என்று பொருள். தலையில் பலமாக அடிபட்டால் 'முப்பத்தாறு மெழுகுவத்தி பார்த்தேன்' என்பார்கள், நாம் கண்ணில் பூச்சி பறந்தது என்போமே அது. 'மாதத்தின் முப்பத்தாறாம் தேதி' என்றால் கிட்டத்தட்ட நடக்கவே நடக்காத நாள். தாத்தா பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறார். புதுச்சேரியில் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி, அதற்குப் பிறகும் பல வீடுகளில் அந்த மொழி உள்ளே இருந்தது. தயவுசெய்து அவர் சொன்ன மற்ற தொடர்களையும் எழுதி வையுங்கள், வீட்டில் வயதானவர்களைக் கேட்டு இப்போதே எழுதி வையுங்கள்.

ஏன் முப்பத்தாறு, ஏன் முப்பத்தைந்து இல்லை என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு மொழியும் ஒரு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இந்தியில் 'உன்னை மாதிரி ஐம்பத்தாறு பேரைப் பார்த்திருக்கிறேன்' என்பார்கள், நம் பாட்டி கதைகளிலும் ஐம்பத்தாறு தேசத்து ராஜாக்கள் சுயம்வரத்துக்கு வந்து நிற்பார்கள். சுவீடன்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'ஃபெம்தியெல்வா' என்று ஒரு எண் வைத்திருக்கிறார்கள், அப்படியே பிரித்தால் 'ஐம்பத்துப் பதினொன்று'. அப்படி ஒரு எண் இருக்க முடியாது, அதனால்தான் அது எல்லை இல்லாதது. ஜப்பானில் தெய்வங்கள் எண்பது லட்சம், நமக்கு முப்பத்து முக்கோடி தேவர்கள். எண்ணிப் பார்த்துச் சொன்ன கணக்காக இரண்டையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

*ஆயிரங்கால் மண்டபத்தில் நிஜமாகவே ஆயிரம் தூண் இருக்கிறதா? – ஒரு மாணவர், சிதம்பரம்*

மதுரை மீனாட்சி அம்மன் கோவிலில் இருப்பவை 985 தூண்கள், ஆனாலும் பெயர் ஆயிரங்கால் மண்டபம்தான், யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை. அங்கே ஆயிரம் என்பது எண் பாதி, பிரமிப்பு பாதி. உங்கள் ஊர் ராஜசபையும் ஆயிரங்கால் மண்டபம்தான், ஆனால் உங்கள் ஊரிலேயே இதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறது. தில்லை மூவாயிரவர், அதாவது நடராஜர் கோவில் தீட்சிதர்கள். அங்கே எண் கறாரான எண்: எண்ணிப் பார்த்தபோது மூவாயிரத்தில் ஒருவர் குறைந்ததாகவும், அந்த ஒருவர் நானே என்று நடராஜரே சொன்னதாகவும் தலபுராணம். மூவாயிரம் என்பது 'நிறையப் பேர்' என்ற பொருளில் மட்டும் இருந்திருந்தால் அந்தக் கதைக்கே இடமில்லை, ஒருவர் குறைந்தது யாருக்குத் தெரியப் போகிறது? இன்றைக்கு தீட்சிதர் குடும்பங்கள் சில நூறுதான், பெயரில் மூவாயிரம் அப்படியே நிற்கிறது.

*பழந்தமிழர் கோடிக்கு மேல் ஆம்பல், வெள்ளம் என்றெல்லாம் எண்ணினார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை சைபர் என்றும் போட்டிருக்கிறார்கள். நம்பலாமா? – ஒரு வாசகி, நெய்வேலி*

சொற்களை நம்பலாம், சைபர்களை நம்பாதீர்கள். எண்ணுப் பெயர்களில் ஐ, அம், பல் என்று முடிபவை உண்டு என்று தொல்காப்பியமே சொல்கிறது, உரையாசிரியர்கள் அதற்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என்று எடுத்துக்காட்டு தருகிறார்கள். பரிபாடலின் இரண்டாம் பாட்டில் ஊழிக்காலத்தைச் சொல்லும்போது நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்று அடுக்கிக்கொண்டே போகிறார் கீரந்தையார். கம்பர் சுக்கிரீவனின் வானரப் படையை எழுபது வெள்ளம் என்கிறார். வடமொழியிலும் பத்மம், சங்கம், சமுத்திரம் என்று எண்ணுப் பெயர்கள் இருக்கின்றன, இந்தியில் இன்றும் பெரிய எண் வரிசையில் பத்மமும் சங்கமும் வரும். ஆக அது நம் ஊரோடு நின்ற வழக்கம் இல்லை.

ஆனால் அந்தப் பெயர்களை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குளத்தில் பூத்துக் கிடப்பவை, கடலில் கிடைப்பது, கரையை மீறி வருவது. கெடிலத்திலும் தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்து பார்த்த கடலூர் மாவட்டத்துக்காரருக்கு 'எழுபது வெள்ளம் படை' என்றால் எத்தனை சைபர் என்று கேட்கத் தோன்றாது. அந்தப் பட்டியல்களை நானும் பார்க்கிறேன், ஒன்றில் ஆம்பலுக்கு ஒரு மதிப்பு, இன்னொன்றில் வேறு மதிப்பு. நம் முன்னோர் பெருமையைச் சொல்ல ஆசைப்படுவது நல்லதுதான், அதற்காக இல்லாத துல்லியத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. அவர்கள் எண்ண முடியாததற்குப் பூவின் பெயரை வைத்தார்கள் என்பதே போதுமான பெருமை.

வள்ளுவரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நொடி உயிரோடு இருப்போமா என்று தெரியாதவன் மனசில் போடுகிற திட்டங்களை 'கோடியும் அல்ல பல' என்கிறார். கோடி என்று சொல்லிவிட்டு, அது போதவில்லை என்று அதையும் தள்ளிவிடுகிறார் பாருங்கள். பெரியாழ்வார் பல்லாண்டு பாடும்போது 'பல்லாயிரத்தாண்டு பலகோடி நூறாயிரம்' என்று ஏறிக்கொண்டே போவதும் அதே தவிப்புதான்.

*'ஆயிரக்கணக்கில் வந்தார்கள்', 'கணக்கில்லாமல் வந்தார்கள்'. ஒன்றில் கணக்கு இருக்கிறது, ஒன்றில் இல்லை, பொருள் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கிறது? – ஒரு ஆசிரியர், விருத்தாசலம்*

அருமையான கேள்வி, பதில் சின்னதுதான். 'ஆயிரக்கணக்கில்' என்பதில் உள்ள கணக்கு 'எண்ணியது' அல்ல, 'எந்த அளவுகோலால் எண்ண வேண்டும்' என்பது. ஒன்றிரண்டாக எண்ணினால் பொழுது விடிந்துவிடும், ஆயிரம் ஆயிரமாக எண்ணு என்கிறது. 'கணக்கில்லாமல்' அந்த அளவுகோலையும் கீழே போட்டுவிடுகிறது. வகுப்பில் இதையே சொல்லலாம், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வந்த பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஒவ்வொரு ஊர்ச் சாமியும் தீர்த்தவாரிக்கு வர வர, முதலில் 'நல்ல கூட்டம்', அப்புறம் 'ஆயிரக்கணக்கில்', மத்தியானம் ஆனால் 'எள் போட்டா எள் விழாது'. கடைசியில் எண்ணே போய்விடுகிறது, தரைக்கும் எள்ளுக்கும் நடுவில் இடம் இல்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

*எங்கள் அப்பா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லவே மாட்டார், 'லாபம்' என்பார். மொத்தம் எவ்வளவு விளைந்தது என்று யாராவது கேட்டாலும் நேராகச் சொல்ல மாட்டார். ஏன்? – ஒரு வாசகி, பண்ருட்டி பக்கம்*

உங்கள் அப்பா மட்டும் இல்லை, தமிழ்நாட்டின் பல களங்களில் அப்படித்தான். முதல் மரக்காலைக் கொட்டும்போது 'லாபம்... லாபம்... லாபம்' என்று, அடுத்தது நிறையும் வரை இழுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், பிறகு 'ரெண்டு... ரெண்டு'. இழுத்துச் சொல்வது எண் மறந்து போகாமல் இருக்க. 'லாபம்' என்பது தொடக்கம் மங்கலமாக இருக்க. அதே ஆள் சாக்கு கட்டி முடித்த பிறகு, பக்கத்து வயல்காரர் வந்து 'எவ்வளவு கண்டது?' என்று கேட்டால், ஒரு மரக்கால் பிசகாமல் மனசில் வைத்துக்கொண்டே 'ஏதோ கண்டுச்சு, குறையில்ல' என்பார். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி, கடன் கேட்டு வந்துவிடுவார்களோ என்ற பயம் பாதி, கூடவே அடக்கமும் உண்டு.

கடலூர் முதுநகர் துறைமுகத்திலும் இதே பேச்சைக் கேட்கலாம். 'பாடு எப்படி?', அதாவது மீன் எவ்வளவு கிடைத்தது என்று கேட்டால் 'பரவால்ல' என்பதுதான் பதில். பக்கத்தில் நிற்கிற வேடிக்கை பார்ப்பவர்தான் 'மத்தி கொள்ளையா விழுந்திருக்கு' என்பார். ஏலத்தில் கூடை கூடையாகப் போன மீன், சந்தையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் வந்ததும் 'கூறு' ஆகிவிடும். கையால் அள்ளி வைத்த சின்னக் குவியல், ஒரு கூறு இவ்வளவு ரூபாய் என்று விலை உண்டு, ஒரு கூறில் எத்தனை மீன் என்று கணக்கு இல்லை. ஆனால் வாங்குகிறவர் ஒரு பார்வையிலேயே எந்தக் கூறு பெரிது என்று கண்டுபிடித்துவிடுவார், 'மேல ரெண்டு போடும்மா' என்று கேட்டும் வாங்கிவிடுவார். நெல்லும் மீனும் சொல்வது ஒன்றுதான்: வைத்திருப்பவர் எண்ணைக் குறைத்துச் சொல்கிறார், பார்க்கிறவர் கூட்டிச் சொல்கிறார். இருவர் வாயிலும் எண் இல்லை.

*மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். 'மில்லியன் கணக்கான மக்கள்' என்று எழுதினால் திருத்துகிறார்கள். அது தப்பா? – ஒரு வாசகர், லாஸ்பேட்டை*

தப்பு என்றே சொல்வேன், திருத்துகிறவர் பக்கம்தான் நான். நம் வாசகருக்கு லட்சமும் கோடியும் உடம்போடு ஒட்டியவை, மில்லியன் என்றதும் மனசுக்குள் பத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லுக்கு வருவார். இலங்கைத் தமிழர் மில்லியன் என்று சர்வசாதாரணமாக எழுதுவார்கள், அங்கே அது பழகிய சொல், அவர்களுக்கு எழுதும்போது அப்படியே இருக்கட்டும். இங்கே 'லட்சக்கணக்கான மக்கள்' போதும். மேடையில் பேசுகிறவருக்கு எழுதிக்கொடுத்தால் 'லட்சோபலட்சம்', சாமி விஷயம் என்றால் 'கோடானுகோடி', இந்த இரண்டையும் மற்ற இடத்தில் போட்டால் பொருந்தாது. ஒரே ஒரு எச்சரிக்கை, மூலத்தில் நிஜமான எண் இருந்தால், அதாவது 32 லட்சம் என்று இருந்தால், அதை எழுதுங்கள். 'லட்சக்கணக்கான' என்று மழுப்ப வேண்டாம். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் வாசகருக்கு எண்ணைத் தராமல் விடுவதை என்னால் ஏற்கவே முடியாது, நிவாரணத் தொகை, வெள்ளச் சேதம், ஓட்டு எண்ணிக்கை இதிலெல்லாம் முக்கியமாக.

*நூத்தியெட்டு என்றால் இப்போது பிள்ளைகளுக்கு ஆம்புலன்ஸ்தான் ஞாபகம் வருகிறது, வருத்தமாக இருக்கிறது. – ஒரு வாசகர், வில்லியனூர்*

வருத்தப்படாதீர்கள் ஐயா, உயிரைக் காப்பாற்றுகிற எண் நாக்கில் நிற்பது நல்லதுதானே. 'நூத்தியெட்டு கேள்வி' என்பதும் போய்விடவில்லை, அதே பிள்ளைகள் அம்மாவிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

*'உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சு' என்கிறோமே, மாமாங்கம் என்றால் எவ்வளவு? – ஒரு வாசகி, நெல்லிக்குப்பம்*

பன்னிரண்டு வருஷம். கும்பகோணம் மகாமகம்தான் மாமாங்கம், கடைசியாக 2016இல் நடந்தது, அடுத்தது 2028. ஆனால் நாம் சொல்கிற மாமாங்கத்துக்கு வருஷக் கணக்கு இல்லை, தோழியைப் பார்த்து மூன்று மாதம் ஆனாலும் மாமாங்கம்தான், போன் கூடப் பண்ணவில்லை என்றால் இன்னும் சீக்கிரமாகவே மாமாங்கம் வந்துவிடும்.

அடுத்த இதழுக்கு 'நாலைந்து', 'ஏழெட்டு', 'பத்துப் பதினைந்து' பற்றி இரண்டு கடிதம் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் வேறு ஏதாவது ஜோடி எண் பேச்சில் இருந்தால், யார் எங்கே எப்படிச் சொல்வார்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள்.